யாரிடமும் சொல்லாத பெண்கள்

கல்கத்தா வந்துவிட்டது என்று எல்லோரும் மூட்டைகளைக் கட்டி மடியில் வைத்துக்கொண்ட பிறகு, சாந்த்ராகாச்சி என்ற ஸ்டேஷனில் வண்டி நின்றுவிட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. வெளியே ஒரே பனி. பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற வண்டிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்குள் யாரோ இருமுவது மட்டும் கேட்டது. அந்தப் பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு கூடை வந்தது, பிறகு கூடையைச் சுமந்த தலை வந்தது. கூடை நிறையச் சேனைக்கிழங்கு.

"அக்கா, இந்த ஊர்ச் சேனைக்கு நல்ல பேரு. நாக்கு அரிக்காது," என்று சொல்லிக்கொண்டே காந்திமதி தன் கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, ஜன்னல் வழியாக வங்காளியில் பேரம் பேச ஆரம்பித்தாள். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்தபோது வாயே திறக்காத பெண் அவள். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. ஒரு குழந்தையின் சூட்டை மடியில் வாங்கி எனக்கு வெகு காலம் ஆகியிருந்தது. வண்டி அங்கேயே நிற்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

காந்திமதியின் புருஷன் சுப்பையா பிள்ளை கல்கத்தாவில் ஒரு சணல் கம்பெனியில் கணக்கர். பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருந்த அவள், அண்ணன் துணையோடு திரும்பும்போது நானும் சேர்ந்துகொண்டேன். எனக்கு அங்கே இருந்த காரியம் வேறு. என் கணவர் அந்த ஊரில் ஒரு வேதசாஸ்திரக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். படிப்பை முடித்து, கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்து குருப்பட்டம் வாங்கியிருக்க வேண்டும். வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பட்டம் மட்டும் வேண்டாம் என்று ஊருக்கு வந்த ஒருவரிடம் சொல்லியனுப்பினார். என் மாமனார் எங்கள் சபைக்கு ஐயர். போதகரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீ போய்க் கூட்டிட்டு வாம்மா. நான் போனா வாதம் பண்ணுவான். உன்னட்ட பண்ண மாட்டான்."

வந்த வழியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லோரும் பார்க்கிற தூசியையும் கரியையும்தான் நானும் பார்த்தேன்.

ஹௌராவில் இறங்கினால் ஆற்றைக் கடந்துதான் கல்கத்தா. தோணிகளின் மேல் மிதக்கிற பாலம். கப்பல் போகவேண்டுமானால் நடுவில் ஒரு துண்டைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கழற்றியிருந்தார்கள். பாலம் பாதி ஆறு வரை போய், அதற்கு மேல் பனியாக இருந்தது. மாட்டு வண்டிகளும் பல்லக்குகளும் காய்கறிக் கூடைகளும் அந்த விளிம்பில் அமைதியாக நின்றன. இடைவெளி வழியாக ஒரு கப்பல் சத்தமில்லாமல் போயிற்று. மேல்தட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஓர் ஆள் எங்களைக் குனிந்து பார்த்துக் கையை அசைத்தான். யாருக்கு அசைத்தான் என்று தெரியாமல் நானும் அசைத்தேன்.

காந்திமதியின் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு படகைப் பிடித்தார். நடு ஆற்றில் இரண்டு கரையும் மறைந்து போயின. படகுக்காரன் துடுப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான். கரையில் எங்கேயோ அடித்த கோயில் மணியை வைத்துத் திசையைத் திருப்பினான். எங்கள் தாமிரபரணியில் எந்த இடத்தில் நின்றாலும் அக்கரையில் துவைக்கிறவளின் முகம் தெரியும். இது ஆறா, வேறு ஏதாவதா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

படித்துறையில் சாம்பல் நிறச் சால்வை போர்த்திக்கொண்டு தாடியோடு ஒரு வங்காளி நின்றிருந்தார். அவர் கை கொடுத்து என்னை இறக்கிவிட்ட பிறகுதான் என் கணவர் என்று தெரிந்தது.

"குளிருதா?" என்றார்.

"இல்ல," என்றேன். பற்கள் அடித்துக்கொண்டிருந்தன.

பவானிபூரில் பிள்ளை வீட்டு மாடியில் எனக்கு முன்னறையை ஒழித்துக் கொடுத்தார்கள். என் கணவர் தம் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டார். காந்திமதி புட்டும் சேனை மசியலும் செய்தாள். எனக்கு இலை முன்னறையில், அவர்களுக்கு உள்ளே. ஊரிலும் அப்படித்தான். வருத்தமில்லை என்று சொன்னால் பொய்; பழகியிருந்தது என்று சொல்லலாம். பிள்ளை வாசற்படியிலேயே உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த ஊர்ல எல்லாம் சரி டீச்சரம்மா. இந்த மீன்தான். கீழ்வீட்டுல பொரிச்சா எங்க பூசையறைக்கு வருது. கேட்டா அது கங்கையில காய்க்குத காய்ங்கான். பூணூல் போட்டவன் சொல்லுதான்!"

அப்பாவோடு இங்கேயே இருந்துவிட்ட அவர்களுடைய மூத்த பெண் என்னை 'மாஷி' என்று கூப்பிட்டாள், வங்காளியில் சித்தி. தமிழில் கேட்டால் வங்காளியில் பதில் வந்தது. "ஊருக்குப் போனா ஆச்சிட்ட என்ன பேசுவா இவ?" என்று காந்திமதி சிரித்தாள், ஆனால் அவளுக்கு அது சிரிப்பாக இல்லை.

மறுநாள் என் கணவர் வந்து என்னை வெளியே அழைத்துப் போனார். மின்சாரத்தில் ஓடுகிற டிராம் அங்கே வந்து அதிகக் காலம் ஆகவில்லை. பெட்டியில் நான் ஒருத்திதான் பெண். எனக்காக ஒரு பெஞ்சையே காலி பண்ணிவிட்டு, எல்லோரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் இரண்டு பாபுக்கள், ஆபீசுக்குப் போகிறவர்கள், பலமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். நடுநடுவே ஏசு, ஏசு என்று காதில் விழுந்தது. என்ன என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஏசுன்னு ஓர் ஆளே இருந்ததில்லைன்னு ஜெர்மனியில பெரிய பண்டிதர்கள் எழுதிட்டாங்களாம். கண்ணாடி போட்டவர் சொல்லுதார்."

"மத்தவர்?"

"அப்படின்னா ஞானஸ்நானம் வாங்கின எங்க பெரியப்பாவை எங்க தாத்தா வீட்டை விட்டுத் துரத்தினது யாருக்காக, இல்லாத ஆளுக்காகவா ஜாதி போகும்ங்கார்."

கண்ணாடிக்காரர் ஏதோ திருப்பிச் சொல்ல, டிராம் முழுக்கச் சிரித்தது.

"ஜாதி போறதுக்கு ஆள் எதுக்கு, ஒரு துண்டு ரொட்டி போதுமேங்கார்," என்றார் என் கணவர். அவர் சிரிக்கவில்லை. பெரியப்பாவைப் பற்றிச் சொன்னவரும் சிரிக்கவில்லை. அவர் இறங்கும்போது என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, லேசாகத் தலையைக் குனிந்துவிட்டுப் போனார்.

மைதானத்துப் புல்லில் உட்கார்ந்து சந்தேஷ் என்கிற பால் இனிப்புத் தின்றோம். ஈச்சம்பாலைக் காய்ச்சிய வெல்லத்தில் செய்தது. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்குமாம். வாயில் போட்டதும் எனக்கு எங்கள் ஊர்க் கருப்பட்டி ஞாபகம் வந்தது. கருப்பட்டி கொஞ்சம் புகை வாசம் அடிக்கும், பல்லோடு சண்டை போடும். இது நாக்கில் வைத்ததுமே காணாமல் போயிற்று. தூரத்தில் ஆடுகள் பனிக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வங்காளிக் கோயிலுக்குப் போனோம். சிலுவை வைத்த கோயிலைத்தான் சொல்கிறேன். பாஷை புரியவில்லை, ஆனாலும் எங்கே எழுந்திருப்பது, எங்கே முழங்கால் போடுவது என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லோரும் எழுந்தார்கள். ஓடுகிற வார்த்தைகளுக்கு நடுவே 'திருதீய' என்று ஒரு சொல் பிடிபட்டது. மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்கிற இடம். திரும்பிப் பார்த்தேன். அவர் உதடுகள் மூடியிருந்தன.

அடுத்த நாள், "ஓர் இடம் காட்டணும்," என்று ஒரு குதிரை வண்டி பிடித்தார். டாக்குரியா என்கிற கிராமம். பவானிபூர் வீடுகள் முடிந்து மூங்கில் தோப்புகள் ஆரம்பித்த இடத்தில் வண்டியின் சக்கரம் கழன்று, எங்களை முந்திக்கொண்டு உருண்டு போய் ஒரு குளத்தில் விழுந்தது. வண்டிக்காரன் எங்களைத் திட்டினான், குதிரையைத் திட்டினான், பிறகு குளத்தில் இறங்கினான். மீதி வழியை நடந்தோம். ஈச்சமரங்களின் கழுத்தில் மண்கலயங்கள் தொங்கின. எங்கள் பனை மரங்கள் உயரம் குறைந்து, கூன் விழுந்து, நாடு மாறி வந்து நிற்பது போலிருந்தது.

ஒரு குளக்கரையில் ஓலை வேய்ந்த சின்ன வீடு. இரண்டு அறை. குளத்துக்கு இறங்கச் செங்கல் படிகள்.

"பிடிச்சிருக்கா?" என்றார்.

"யாருக்கு?"

"நமக்கு. இங்க ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார் வேலை சொல்லியிருக்காங்க. ஊர்ப் பாபுக்கள் நடத்துதது. மிஷன் இல்ல."

"நான் உங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"தெரியும்."

படியில் உட்கார்ந்தேன். "அப்போ காரணத்தைச் சொல்லுங்க. கல்லூரியில சொல்லுத மாதிரி இல்ல. எனக்குச் சொல்லுத மாதிரி."

அவர் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார். "கிரேக்கு படிச்சேன் எஸ்தர். சுவிசேஷங்கள்ல எல்லாத்துக்கும் முந்தினதுன்னு ஒண்ணைச் சொல்லுதாங்க. அதோட ரொம்பப் பழைய பிரதிகள்ல முடிவு நாம படிக்குத மாதிரி இல்ல. பெண்கள் விடியக்காலம் ஏசுவோட கல்லறைக்குப் போறாங்க. கல்லு புரண்டு கிடக்கு. உள்ள ஒரு வாலிபன், அவர் இங்க இல்லைங்கான். அவங்க நடுங்கி ஓடிப்போறாங்க. பயத்துல யார்ட்டயும் ஒண்ணும் சொல்லல. அவ்வளவுதான்."

"பிறகு?"

"பிறகு இல்ல. அவர் வந்து நின்னது, பேசினது எல்லாம் பின்னால வேற ஒரு கை சேர்த்தது."

"மத்த சுவிசேஷத்துல இருக்கே?"

"இருக்கு. அதெல்லாம் பிந்தி எழுதினது. ஒண்ணு சொல்லுதது இன்னொண்ணோட ஒத்து வரல. யார் எழுதினாங்கன்னுகூட உறுதியில்ல. நான் பொய்ங்கல. எனக்குத் தெரியலைங்கேன். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பீடத்துல நின்னு எப்படிச் சொல்ல?"

அந்த வசனங்களை நான் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறேன். அதெல்லாம் எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. வேறொன்றைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அப்போ பாக்கியம்?" என்றேன்.

பாக்கியம் எங்கள் ஒரே மகள். நான்கு வயதில், அவர் கல்கத்தாவுக்குப் புறப்படுவதற்கு முந்தின வருஷம், காய்ச்சலில் போய்விட்டாள்.



"அவ எழுந்திருப்பான்னுதான நான் இருக்கேன்? அது தெரியலைன்னா அவ எங்க? நீங்க என் பிள்ளையை இன்னொரு தரம் புதைச்சிட்டிய."

குளத்தில் ஒரு நீர்க்கோழி முழுகி வேறு இடத்தில் எழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்குக் குழி ஓரத்துல ஜெபம் பண்ணினது நான். அப்பா அழுதாங்க, என்னைப் பண்ணச் சொன்னாங்க. நித்திரையாயிருக்கா, எழுந்திருப்பான்னு சொன்னேன். குரல் நடுங்கவே இல்லைன்னு எல்லாரும் மெச்சினாங்க. ஏன் நடுங்கலைன்னா, அது நான் சொன்னதில்ல, வாய் சொன்னது. அதை உண்மையாச் சொல்லணும்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன். அடி வரைக்கும் தோண்டிப் பாத்துட்டு வந்து, ஆமா எஸ்தர், நிச்சயம்னு உன்னட்ட சொல்லணும்னு நினைச்சேன். தோண்டினா, பயந்து ஓடுத மூணு பொம்பளைங்கதான் இருக்காங்க."

திரும்பும்போது சக்கரத்தை மாட்டிய வண்டிக்காரன் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான்.

அதற்கடுத்த நாட்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. பனி உச்சி வரை விலகாது. விலகினால் உடனே அடுப்புப் புகை வந்துவிடும். காந்திமதியோடு காய் வாங்கப் போனேன், குழந்தையைக் குளிப்பாட்டினேன். கீழ்வீட்டில் சரஸ்வதி பூஜை. வெள்ளை வெளேரென்று களிமண் பொம்மை. அதன் காலடியில் பிள்ளைகள் பாடப் புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை, மாடிப்படியில் நின்று பார்த்தேன். எந்த வேலை செய்தாலும் அந்தப் பெண்கள் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

பூஜைக்கு மறுநாள் சாயங்காலம் அவர் வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"பிரின்சிபால் துரைட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"உனக்காக ஜெபிக்கிறேன்னார். பிறகு கையைப் பிடிச்சார். விடவே இல்ல. எனக்குத்தான் சங்கடமாப் போச்சு." சால்வையைச் சரிசெய்துகொண்டு, "ஆத்தைப் பாக்கணும் போல இருக்கு, வாரியா?" என்றார்.

படித்துறையில் கூட்டம். தெருத்தெருவாகச் சரஸ்வதிகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கு ஊதினார்கள், தண்ணீரில் வைத்ததும் பெண்கள் நாக்கைச் சுழற்றி ஒரு குலவை கொடுத்தார்கள், எங்கள் பக்கத்துக் குலவை போலவே. ஒரு பொம்மை எங்கள் படி வரை மிதந்து வந்தது. கண்ணும் மூக்கும் கரைந்து கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற ஒரு வங்காளிப் பெண் தன் மகளிடம் ஏதோ சொன்னாள். கேட்டேன்.

"அழாதே, அவள் இங்கே இல்லை, அப்போதே போய்விட்டாள்ங்கா," என்றார் என் கணவர்.

கல்லறையில் அந்த வாலிபன் சொன்ன அதே சொல். அப்போதே சொல்லிவிட்டேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"பாக்கியத்தை அடக்கம் பண்ணின மூணாம் நாள் விடியக்காலம் நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நீங்கள்லாம் தூங்கிக்கிட்டு இருந்திய. மல்லிப்பூ கொஞ்சம் கொண்டுபோனேன். மண்ணு ஈரமா இருந்துச்சு. வச்சிட்டு எழுந்திருச்சுத் திரும்பினேன். முந்தியைப் பின்னால இருந்து ஒரு கை பிடிச்சு இழுத்துச்சு. சின்னக் கை. நான் அடுப்படிக்குப் போகும்போது அவ இழுப்பாள்லா, அப்படி. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. ஓடி வந்துட்டேன். யார்ட்டயும் சொல்லல."

அவர் ஆற்றைப் பார்த்தபடியே கேட்டார்: "ஏன் சொல்லல?"

"பயம். மாமாட்ட சொன்னா பேய்ம்பாங்க. உங்கட்ட சொன்னா புத்தி பிசகிட்டுன்னு நினைப்பிய."

"முந்தி முள்ளுல மாட்டியிருக்கலாம்."

"இருக்கலாம். நானும் அப்படி நினைச்சுப் பாத்திருக்கேன்."

"நிஜம்னு நினைக்கியா?"

"தெரியாது. ஓடினது நிஜம். யார்ட்டயும் சொல்லாதது நிஜம்." முந்தியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "ஆனா ஒண்ணு. நீங்க சொன்ன அந்தப் பொம்பளைங்களை எனக்குத் தெரியும். அவர் எதிர்ல வந்து நின்னார், நாங்க சந்தோஷப்பட்டோம்னு எழுதியிருந்தாக்கூட, படிச்சிட்டுப் பேசாம இருந்திருப்பேன். விழுந்தடிச்சு ஓடினாங்கன்னு இருக்கு பாருங்க, அது நடந்தது. யார்ட்டயும் சொல்லலைன்னா எழுதினவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? என்னிக்கோ ஒருத்தி யார்ட்டயோ சொல்லியிருக்கா. இப்ப நான் சொல்லுத மாதிரி."

 நான் சொன்னதற்கு எதிர்வாதம் உண்டு என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சால்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டார். அடக்கத்தன்று அழாத மனுஷர், படித்துறையில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அழுதார். ஒரு கிழவர் அவர் முதுகைத் தட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அம்மா அடுத்த வருஷம் வருவாள் என்று சொன்னாராம். சரஸ்வதிக்காக அழுகிறார் என்று நினைத்துவிட்டார்.

நான் ஊருக்குத் திரும்பவில்லை. காந்திமதியின் அண்ணன் மட்டும் போனார். அவர் மூலம் மாமனாருக்கு நடந்ததைச் சொல்லியனுப்பினேன். வெகு காலம் அங்கிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. நான் அவருடைய மகனை மீட்டுக்கொண்டு வருவேன் என்று நினைத்தார். நானே போய்த் தங்கிவிட்டேன். அந்த வருத்தம் அவருக்கு நியாயமானதுதான்.

டாக்குரியா வீட்டுக்குக் குடி வந்தோம். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு கலயம் ஈச்சவெல்லமும் ஒரு மீனும் கொடுத்து, அந்த மீனைக் கடுகில் எப்படிச் சமைப்பது என்று சைகையிலேயே சொல்லிக்கொடுத்தாள். ஞாயிறு தோறும் நான் கோயிலுக்குப் போனேன். அவரும் வந்து பக்கத்தில் நின்றார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். இருவருக்கும் அது கஷ்டமாக இல்லை.

ஒரு சாயங்காலம் குளத்துப் படியில் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் மேல்படியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தார். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. எதிர்க்கரை மூங்கில்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. திடீரென்று பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்தப் பக்கம் இழுத்தா?" என்றார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"இடப்பக்கம்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். எழுந்து, இரண்டு படி இறங்கி வந்து, என் இடப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.